வேலியருக்கு ஒரு வாழ்த்துரை

1

சென்ற கிழமை ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் தாயாரின் தம்பியாருக்கு, எங்கள் சின்ன மாமாவுக்கு, வருகிற தை மாதம் அறுபது வயது நிறைகிறதாம். முள்ளியவளையில் மணிவிழா எடுக்கிறார்களாம். மலர் ஒன்றும் வெளியிடுகிறார்களாம். 'இங்கிலாந்தில் அரச உத்தியோகம் பார்க்கும் மருமகன்' என்ற முறையில் நான் ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் வாழ்த்துரை எழுதி, கோட்டுப் போட்ட படம் ஒன்றும் சேர்த்து அனுப்பவேண்டுமாம்.

அரச உத்தியோகம் என்பது தபால் கந்தோரில் பார்சல் தரம்பிரிக்கிற வேலை. கோட்டு, செத்துப்போன யாரோ ஒரு வெள்ளைக்காரருடையது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கினேன். தோள் எனக்குக் கொஞ்சம் பெரிது. ஊரில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியவேண்டிய அவசியமில்லை என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தேன்.

விழாக் குழுவார் மாமாவின் வாழ்க்கைக் குறிப்பையும், நான் மறந்துவிடுவேன் என்ற பயத்திலோ என்னவோ, கூடவே அனுப்பியிருந்தார்கள். கையில் ஒரு தகரப் பெட்டியோடு வன்னிக்கு வந்தவர். எழுத்தாலும் பேச்சாலும் உயர்ந்தவர். 'வேலி' என்ற வார ஏட்டின் ஆசிரியர். இன்று அச்சகம், அரிசி ஆலை, லொறிகள், மாடி வீடு எல்லாவற்றுக்கும் அதிபதி. இனத்தின் காவலர். ஊரில் அவரை 'வேலியர்' என்றுதான் சொல்வார்கள், அவருக்கு முன்னாலும் பின்னாலும். முன்னால் சொல்லும்போது ஒரு குரல், பின்னால் சொல்லும்போது வேறொரு குரல்.

இரண்டு முறை எழுத உட்கார்ந்தேன். 'அன்பும் பண்பும்' என்று தொடங்கிக் கிழித்துப்போட்டேன். மூன்றாம் முறை உட்கார்ந்தபோது கீழே வாசற்கதவின் துவாரத்தால் எங்கள் பகுதி வாரப் பத்திரிகை வந்து விழுந்த சத்தம் கேட்டது.

2

இந்தப் பத்திரிகைக்கு நாங்கள் காசு கொடுப்பதில்லை. யாரும் கொடுப்பதில்லை. வியாழக்கிழமை தோறும் வீடுவீடாகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அதை நடத்துகிற மனிதர் முன்பு பழைய கார் விற்றவராம். கார் விற்க விளம்பரம் போட்டார்; விளம்பரத்துக்குப் பக்கத்தில் இடம் மிஞ்சியது; மிஞ்சிய இடத்தில் தன் மனத்திலிருந்ததை எழுதினார். சனங்கள் காரை விட்டுவிட்டு அதை வாசித்தார்கள். இப்போது அவருக்கு நகரத்துக்கு வெளியே குதிரைகள் நிற்கிற தோட்டமும் வீடும் இருக்கின்றனவாம்.

அவர் ஏசுவதில்லை. அதுதான் அவருடைய கெட்டித்தனம். 'கவலை கொண்ட தாய் ஒருவர் எழுதுகிறார்' என்று தொடங்குவார். இந்தத் தெருவில் இன்ன வீட்டில் நிறத்தவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்று முகவரி போடுவார். 'அயலவர்கள் அறிந்துகொள்ளட்டும்' என்று முடிப்பார். அவ்வளவுதான். அறிந்துகொண்ட அயலவர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த வியாழக்கிழமை எங்கள் தெருவின் பெயர் இருந்தது. இலக்கமும் இருந்தது. 'கணவனை இழந்த ஒரு நல்ல பெண்மணி, அவருக்குத் தெரியாததா' என்றொரு வரியும் இருந்தது.

வீட்டுக்காரி மிஸிஸ் பார்க்கர் அந்த நல்ல பெண்மணி. கீழே அவர், மேலே இரண்டு அறைகளில் நாங்கள் மூவர்: நான், மனைவி பவளம், மகள் வதனி. முதல் மாரியில் பவளத்துக்குக் குளிர் தாங்காமல் காய்ச்சல் வந்தபோது சுடுநீர்ப் பையைத் துவாயில் சுற்றிக்கொண்டு படியேறி வந்தவர் அவர். குசினி பொதுக் குசினி. மீன்குழம்பு வைக்கிற நாளில் யன்னலைத் திறந்துவிட்டுச் சிரிப்பாரே தவிர, முகம் சுழித்ததில்லை. அவருடைய மகள் சந்தியில் பெண்களுக்குத் தலைமயிர் அலங்கரிக்கிற கடை வைத்திருக்கிறாள். அந்தக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோருடைய வீட்டுக்கும் அந்தப் பத்திரிகை போகிறது.

வதனி கைக்குழந்தையாக இங்கே வந்தவள். இப்போது எனக்கு ஆங்கிலம் திருத்துகிறாள். பத்திரிகையை எடுத்து, அந்தப் பகுதியை நல்ல உச்சரிப்போடு எனக்கு வாசித்துக் காட்டினாள். முகவரி எங்களுடையது என்பதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

"விளங்குதா உனக்கு?" என்று கேட்டேன்.

"இது எங்களைப் பற்றி இல்லை அப்பா. புதிசா வந்த ஆக்களைப் பற்றி."

இதே வசனத்தை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து தகரப் பெட்டியோடு வந்திறங்கிய ஒருவர், ஒலிபெருக்கியில், முள்ளியவளைச் சந்தியில் சொன்னார். வந்தான் வரத்தான்களால்தான் இந்த மண்ணுக்குக் கேடு என்றார். அவர் வந்து அப்போது ஐந்தாறு வருஷம் இருக்கும். அவர் சுட்டிக்காட்டிய மனிதரின் பாட்டனாரை அடக்கியதும் அந்த மண்ணில்தான்.

3

மாமா எப்படி உயர்ந்தார் என்பதைக் குழுவார் எழுதாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் குறையை நான் தீர்த்துவைக்கிறேன்.

குளத்துக்குக் கீழே காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு முதலில் வந்தவர் ஐயா. ஐயா என்றால் என் தகப்பனார். காடு வெட்டி, கட்டை பிடுங்கி, இரண்டு போகம் கண்டபிறகு, ஊரில் சும்மா திரிகிற மச்சானைக் கூப்பிட்டார். மாமா வந்தார். சேற்றில் ஒருநாள் காலை வைத்துவிட்டு, "அத்தான், இது எனக்குச் சரிவராது" என்றார். அது உண்மை. அவருக்குச் சரிவந்தது வேறு.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி வாங்கிவந்தார். மின்சாரம் இல்லாத ஊர், பற்றறியில் பாடும். கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா எதுவானாலும் பனையில் குழாயைக் கட்டிவிட்டு இசைத்தட்டுப் போடுவார். அதில் கிடைத்தது வெற்றிலைச் செலவுக்குத்தான் கண்டது. ஆனால் திருவிழாவில் உபயகாரரின் பெயர் வாசிக்கிற வழக்கம் இருக்கிறதல்லவா, அங்கேதான் அவருக்குக் கண் திறந்தது. 'இன்ன காணிக்காரர் இன்னார் பாலுக்கு இவ்வளவு' என்று குழாய் சொல்லும். அடுத்த காணிக்காரர் பொறுக்கமாட்டார். ஓடிவந்து அதற்கு மேலே கொடுப்பார். கோயிலுக்கு நல்ல சேர்த்தி. மாமாவுக்கும் ஒரு பங்கு.

தன் பெயரைக் கேட்க மனிதன் காசு கொடுப்பான் என்று முதலில் கண்டுபிடித்தார். தன் பெயரைக் கேட்காமலிருக்க அதைவிடக் கூடக் கொடுப்பான் என்று பிறகு கண்டுபிடித்தார். அவருடைய செல்வம் முழுவதும் அந்த இரண்டாவது கண்டுபிடிப்பிலிருந்து வந்தது.

காலால் மிதிக்கிற பழைய அச்சு யந்திரம் ஒன்று வந்தது. செத்தவீட்டுக்குக் கல்வெட்டு அடித்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கிற அந்தச் சிறு புத்தகத்தில் செத்தவர் எல்லோரும் தருமராசாவாக இருப்பார்கள் என்பது நீங்கள் அறிந்ததே. நான்கு வெண்பா மட்டும் வைத்திருந்தார். பெயரை மட்டும் மாற்றுவார். புகழுக்கு ஒரு விலை வைத்துப் பழகியபிறகு 'வேலி'யைத் தொடங்கினார். நான்கு பக்கம். முதல் பக்கம் இனம், மொழி, மண். கடைசிப் பக்கத்தில் விளம்பரம். விளம்பரங்களில் பாதி ஒரே வாசகம்: 'பெயர் குறிப்பிட விரும்பாத அன்பர் ஒருவரின் அன்பளிப்பு.' கோயில் மடத்துச் சுவரில் அதை வாசித்தால் பக்தி வரும். 'வேலி'யில் வாசித்தால், இந்தக் கிழமை அகப்பட்டது ஆர் என்று ஊர் யோசிக்கும்.

4

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாமல் நகரசபைக் கந்தோருக்குப் போனேன். வீடில்லாதவர்களின் வரிசையில் பெயர் பதிய. மிஸிஸ் பார்க்கர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காலையில் குசினியில் கண்டபோது யன்னலைப் பார்த்துக்கொண்டு "மழை வரும்போலிருக்கிறது" என்றார். வானம் வெளிச்சமாக இருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தாள். "நீங்கள் இப்போது வீடில்லாதவரா?"

"இப்போது இல்லை. இனிமேல்."

"இனிமேல் என்றால் இனிமேல் வாருங்கள்."

எழும்பும்போது பழக்கத்தில், போய்விட்டு வருகிறேன் என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். "இன்றைக்குத் திரும்பி வரவேண்டாம், நாலு மணிக்குப் பூட்டிவிடுவோம்" என்றாள். போகிறேன் என்று மட்டும் சொல்ல எங்களுக்கு நாக்கு வராது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்.

திரும்பி வரும் வழியில் சந்தியில் அந்தத் தலைமயிர்க் கடையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைகளில் வாசல்வரை ஆள் இருக்கிற கடை. மிஸிஸ் பார்க்கரின் மகள் ஒரு வெறும் கதிரையில் உட்கார்ந்து தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி உள்ளே போனாள். எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. அந்த வெறும் கதிரை எங்கள் அறையைவிட எனக்கு அதிகத் துயரமாகவும் இருந்தது.

அன்று முழுவதும் படியில் காலடி கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பேச்சு தானாகவே தாழ்ந்துவிட்டது. பவளம் தேங்காய்ச் சம்பலை அம்மியில் அரைக்காமல் கையால் பிசைந்தாள். அம்மிச் சத்தம் கீழே கேட்குமாம்.

5

தெற்கில் சிங்களவர் தமிழரை அடித்து விரட்டிய அந்த வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். உடுத்த உடுப்போடு சனங்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய கதைகளைக் கேட்டு எங்களுக்கு வயிறு எரிந்தது. ஆனால் எங்கள் கோபத்துக்குக் கொழும்புவரை போக வழியில்லை. முள்ளியவளைச் சந்திவரை போக வழி இருந்தது. அந்த வழியைக் காட்டியவர் மாமா.

சந்தியில் காசிம் நானாவின் கடை இருந்தது. ஒரு பக்கம் துணி, மறுபக்கம் நெல் வாங்குகிற இடம். தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கிற சோனகக் குடும்பம், முஸ்லிம்கள். எங்கள் நெல் முழுவதும் அவருடைய புசல் என்கிற அளவுப் பெட்டியில்தான் அளக்கப்பட்டது. கடைசிப் புசலை அளந்து முடித்ததும் ஒரு கை நெல்லை அள்ளித் திரும்ப எங்கள் சாக்குக்குள்ளே போடுவார். "இது குருவிக்கு" என்பார். பெருவெள்ளம் வந்த மார்கழியில் கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அரிசியைப் பதுக்கினார்கள். நானாவின் சொந்தக்காரர்களும் அதில் இருந்தார்கள். கதவைத் திறக்கவேண்டாமென்று அவரிடம் சொன்னார்கள். அவர் திறந்தார். வெகுகாலம் அவருடைய ஆட்களே அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

'வேலி' அந்த நானாவைத்தான் பிடித்தது. அந்நியனிடம் வாங்குவது தாயை விற்பதற்குச் சமம் என்று எழுதியது. பிறகு, அந்தக் கடைக்குப் போகிறவர்களின் பெயர்களை வெள்ளிக்கிழமை பின்னேரம் சந்தியில் ஒலிபெருக்கியில் வாசிப்பது என்று மாமா அறிவித்தார். குழாயை நானாவின் கடைக்கு நேர் எதிரே பனையில் கட்டினார்.

அந்த நேரத்தில்தான் பூரணம் அக்காவின் கலியாணம். மாப்பிள்ளை பகுதி புதுக்குடியிருப்பு. சம்பந்தி 'வேலி'யை ஓர் எழுத்தும் விடாமல் வாசிக்கிறவர். அக்காவின் கூறைச் சேலையோ நானாவிடம் சொல்லி எடுப்பித்து, கடையில் பொதி கட்டி வைத்திருந்தது.

புதன்கிழமை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையை இழுத்துப்போட்டு, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் தொடங்கினார்.

"அத்தான், வெள்ளிக்கிழமை வாசிக்கிற பேருகளில உங்கட பேரும் கிடக்கு."

ஐயா நிமிர்ந்தார். "நீதானே மச்சான் எழுதினது. நீயே வெட்டிவிடு."

"அதெப்பிடி? சொந்தக்காரனெண்டு விட்டால் ஊர் என்ன சொல்லும்? ஒண்டு செய்யுங்கோ. நீங்களே மேடையில ஏறி ஒரு வார்த்தை சொல்லுங்கோ. நானாவின்ர புசல் சரியில்லையெண்டு. மூண்டு சொல்லு. அதோட உங்கட பேர் வராது."

"சரியான புசலைச் சரியில்லையெண்டு நான் எப்பிடியடா சொல்லுறது?"

"நீங்கள் சொன்னாத்தான் ஊர் நம்பும் அத்தான். கோயிலில கூடச் சத்தியம் பண்ணாத ஆள் நீங்கள். அதாலதான் கேக்கிறன்."

ஐயாவின் நல்ல பெயரைத்தான் அவர் வாங்க வந்திருந்தார். வேறு யாருடைய பெயருக்கும் அந்த விலை இல்லை.

அவர் போனபிறகு அம்மா குசினி வாசலில் நின்றபடி சொன்னா: "மூண்டு சொல்லுத்தானே. பெட்டைக்கு இருபத்தாறு வயசாகுது."

உரலில் இடித்துக்கொண்டிருந்த அக்கா உலக்கையை நிறுத்தவில்லை. அம்மாவை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன். தம்பியை மறுத்துப் பேசினால் மகளின் கலியாணம் போய்விடும் என்று கண்டுகொண்ட ஒரு தாய் வேறென்ன சொல்வாள். மாமாவை மட்டும் குறை சொல்வேன். பயப்படுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து விலை போட்டவர் அவர்.

6

வெள்ளிக்கிழமை வெயில் இன்னும் சாயவில்லை. நானா ஜும்மாத் தொழுகை முடித்துவந்து கடையைத் திறந்துவிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அதே தொப்பி, அதே வெள்ளைச் சட்டை. எதிரே மேடை. அவரையும் மேடையையும் ஒரே பார்வையில் பார்க்கக்கூடிய இடத்தில், சைக்கிளைப் பிடித்தபடி நான் நின்றேன். இருபத்திரண்டு வயது எனக்கு.

மாமா முதலில் பேசினார். நன்றாகப் பேசினார், அதையும் சொல்லவேண்டும். தெற்கிலிருந்து வந்த தாய்மாரைப் பற்றிச் சொன்னபோது எனக்கே கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு ஏன் எல்லோரும் நானாவின் கடையைத் திரும்பிப் பார்த்தோம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

பிறகு ஐயாவைக் கூப்பிட்டார். ஐயா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினார். அதைத் தோளில்தான் போடவேண்டும் என்பதை மறந்துவிட்டார். ஒலிவாங்கியின் முன்னால் வாயைத் திறந்ததும் குழாய் கூவியது. மாமா ஓடிவந்து திருகினார். கூவல் நின்றது.

"நானாவின்ர புசல்," என்றார் ஐயா.

நின்றார். நானா தலையை நிமிர்த்திப் பார்த்தார். சொல்லாமல் இறங்குங்கோ ஐயா, இறங்கிவிடுங்கோ என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். சனத்துக்குள்ளே புதுக்குடியிருப்புச் சம்பந்தியும் நின்றுகொண்டிருந்தார்.

"சரியில்லை."

கைதட்டினார்கள். ஐயா மேடையின் பின்பக்கத்தால் இறங்கி, வயல் வரம்பால் நடந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் விடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு பின் ஒழுங்கையால் நானாவிடம் போனார். நானா கடையின் பின் கதவைத் திறந்தார். ஐயா வாய் திறக்குமுன்பே உள்ளே போய்க் கூறைப் பொதியை எடுத்துவந்து என் கையில் தந்தார்.

"நானா, நான்..." என்றார் ஐயா. அழுதார். ஐயா அழுததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

நானா அவருடைய தோளைத் தட்டினார். "நீ குடும்பக்காரன் தம்பி. உன்ர இடத்தில நானெண்டாலும் அப்பிடித்தான் செய்திருப்பன். புள்ளைக்கு நல்லபடியாக் காரியம் முடியட்டும். போ."

கலியாணம் நன்றாக நடந்தது. அக்கா அந்தக் கூறையைத்தான் உடுத்தினாள். நானாவின் கடைக்குப் பிறகு ஒருவரும் போகவில்லை. ஐயாவே சொல்லிவிட்டாரே, பிறகென்ன. மாரி தொடங்குமுன் நானா குடும்பத்தோடு வவுனியாப் பக்கம் போய்விட்டார். கடையை வந்த விலைக்கு விற்றார். வாங்கியவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. இன்று அரிசி ஆலை நிற்கிறது அந்த இடத்தில்தான். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்வது என்பார்கள். எங்கள் ஊரில் சொல்லாதது மட்டுமில்லை, மாலையும் போட்டார்கள்.

ஐயா அதற்குப் பிறகு நானா சொன்ன அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டார். யாராவது கேட்டால், கேட்காவிட்டாலும், "நானாவே சொன்னவர், தானெண்டாலும் அப்பிடித்தான் செய்திருப்பனெண்டு" என்பார். இங்கே எனக்கு அவர் சொல்லி எழுதுவிக்கிற கடிதங்களிலும் அது வரும். மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று அவரும் நம்பினார். நானும் நம்பினேன், போன ஞாயிற்றுக்கிழமைவரை.

7

ஞாயிற்றுக்கிழமை பகல், சாப்பாட்டுக்குப் பிறகு, படியில் காலடி கேட்டது. வழக்கத்தைவிட மெதுவாக. பவளம் கையிலிருந்த கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

மிஸிஸ் பார்க்கர் கதவைத் தட்டிவிட்டு, தன்னுடைய வீட்டிலேயே, உள்ளே வரலாமா என்று கேட்டார். கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை. கையில் ஒரு கேக் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"என் மகளின் கடை," என்றார்.

"தெரியும்," என்றேன்.

"அந்தப் பத்திரிகைக்கு நான் ஒரு வரி எழுதிக்கொடுக்கவேண்டுமாம். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது, இனி நடக்காது என்று. எழுதினால் முகவரியை இனிப் போடமாட்டார்களாம்." கேக்கை மற்றக் கைக்கு மாற்றினார். "மாத முடிவுவரை நீங்கள் இருக்கலாம். அதற்குமேல்... உங்களை நான் போகச் சொல்லவேண்டியிருக்கிறது."

எனக்கு ஆத்திரம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. வந்தது ஒரே ஒரு அவசரம்: இந்த மனுசி இப்போது இந்த அறையை விட்டுப் போகவேண்டும். பவளம் சுவரைப் பார்த்து நிற்கிறாள், அழப்போகிறாள், இவருக்கு முன்னால் அழக்கூடாது. வதனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கட்டிலில் இருக்கிறாள். இவர் போனால்தான் நான் கதவைச் சாத்தலாம்.

கேக்கை வாங்கிக்கொண்டேன். அவருடைய தோளில் கை வைத்தேன்.

"உங்களுக்கு ஒரு பிள்ளை இருக்கிறது," என்றேன். "உங்கள் இடத்தில் நானென்றாலும் அப்படித்தான் செய்திருப்பேன்."

அவருடைய முகம் தெளிந்தது. உண்மையாகவே தெளிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார். நான் கதவைச் சாத்தினேன்.

பவளம் திரும்பினாள். "நீங்கள் அப்பிடிச் செய்திருப்பியளோ?"

"இல்லை."

"பின்னை ஏன் சொன்னனீங்கள்?"

"அவா கெதியாப் போகட்டுமெண்டு."

சொன்ன பிறகுதான் அன்றைக்கு நானாவின் வாயால் நான் கேட்டது எனக்கு விளங்கியது. அந்தப் பின் கதவு, அந்தத் தோள்தட்டல், 'போ' என்ற அந்தக் கடைசிச் சொல். பெருவெள்ளத்தில் தன் ஆட்களையே பகைத்துக்கொண்டு கதவைத் திறந்த மனிதர் அப்படிச் செய்திருப்பாரா? உள்ளே அவருடைய மனைவியும் பிள்ளைகளும் நின்றிருப்பார்கள். ஐயா இருந்து அழுதுகொண்டிருந்தால் அவர்கள் எப்போது அழுவது?

வதனி கட்டிலிலிருந்து கேட்டாள்: "அப்பா, அப்ப அது எங்களைப் பற்றித்தானா?"

ஓம் என்றேன்.

விழாக் குழுவாருக்கு: ஒரு பக்கத்துக்கு மேற்பட்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மலரில் போடமாட்டீர்கள் என்று தெரியும்; அதனால்தான் வேறொரு பத்திரிகைக்கு அனுப்புகிறேன். மாமாவின் புகழுக்கு இதில் குறை ஒன்றுமில்லை. அவர் தொடங்கிய தொழில் இந்த ஊரிலும் நன்றாக ஓடுகிறது. படம் அனுப்பவில்லை, அந்தக் கோட்டு என்னுடையதல்ல.

முள்ளியவளையில் இதை வாசிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ஐயாவுக்கு இப்போது கண் தெரியாது. பத்திரிகை வந்தால், அதில் மகன் என்ன எழுதியிருக்கிறான் என்று பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்பார். தயவுசெய்து இதை வாசித்துக் காட்டவேண்டாம். குளிரைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று சொல்லிவிடுங்கள்.